பிதுங்கிய சாந்து

என்னை முறித்தது பெரிய கல் என்றுதான்
கியும்ரியில் எல்லோரும் சொல்கிறார்கள்.
மூலைக்கல், கறுப்பு எரிமலைக்கல், எழுபது கிலோ, தொண்ணூறு கிலோ
என்று ஆளுக்கொரு எடை ஏற்றுகிறார்கள்.
இல்லை.
அன்று என் கையில் இருந்தது
ஒரு கொத்துக்கரண்டிச் சாந்து.
பின்னாலிருந்து ஹ்ராச்சிக்,
"வராஸ்தாத், ரொட்டி வந்துவிட்டது" என்றான்.
பாதம் சுவரைப் பார்த்தபடி இருக்க
இடுப்புக்கு மேலே மட்டும் திரும்பினேன்.
அவ்வளவுதான்.

மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது:
கல், சாந்து, கல், சாந்து.
கீழிருந்து இரண்டாவது வரியில்
சாந்து வெளியே பிதுங்கியிருந்தது.
சுவரில் என்றால் கரண்டியால் வழித்து
அடுத்த கல்லுக்குப் பூசியிருப்பேன்.

நான்கு மாதம்
நுனுஃபார்தான் என் காலணிக் கயிற்றைக் கட்டினாள்.
முடிச்சுப் போடும்போது அவள் மேலே பார்க்கவில்லை.
நானும் கீழே பார்க்கவில்லை.

மார்ச்சில் வேலைக்குத் திரும்பினேன்.
மணல் குவியலின் வடபுறம் இன்னும் பனி.
முதல் காரியமாகச் சாந்துப் பலகையை
கல்லடுக்கி இடுப்பு உயரத்துக்கு ஏற்றினேன்.
"மாப்பிள்ளைக்கு மேஜை போட்டாச்சு, விரிப்பு எங்கே?"
சாரத்தின் மேலிருந்து ஒரு குரல்.
சிரிப்பு கல்லைவிட லேசு. விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் கல்லுக்கு நேரெதிரே போய் நிற்கிறேன்.
முழங்கால் மடங்குகிறது, முதுகு மடங்குவதில்லை.
கல் வயிற்றோடு ஒட்டி வருகிறது;
சட்டைப் பொத்தான்மேல்
சதுரமாகத் தூசி படிகிறது.
பெரிய கல் என்றால் ஆளைக் கூப்பிடுகிறேன்.
கூப்பிடுவதுதான் கனம்.
இருபத்திரண்டு வருஷம் தனியாகத் தூக்கியவனுக்கு
வாய் லேசில் திறப்பதில்லை.

மாலை நான்கு மணிக்கு எல்லாம் மறந்துபோகும்.
அப்போது முதுகுக்குள்
ரசமட்டத்தின் குமிழ் ஓரம் ஒதுங்கும்.
நிற்பேன். நடுவுக்கு வரட்டும் என்று.

வியாழக்கிழமை பார்த்தால்
ஹ்ராச்சிக்கின் சாந்துப் பலகைக்குக் கீழே
இரண்டு கல்.
நான் எதுவும் கேட்கவில்லை.
"தரை ஈரம்" என்றான், அவனாகவே.
தரை காய்ந்து கிடந்தது.

யாரோ கத்துகிறார்கள், ரொட்டி வந்துவிட்டதாம்.
கரண்டியை வைக்கிறேன்.
வலது கால்.
இடது கால்.
பிறகு முகம்.