லிகாண்டோவின் ஃப்ரிட்ஜ்

கரிபா ஏரியில் தண்ணீர் இறங்கிய வருஷம்
லுசாகாவில் எங்கள் பக்கம் கரண்ட்
இரவு ஒன்றுக்கு வந்து நாலுக்குப் போகும்,
பிறர் வீட்டுப் பூனை மாதிரி.

மீட்டர் ஒன்று. குடித்தனம் மூன்று.
ரசீதில் இருபது இலக்கம்.
அரைத்தூக்கத்தில் ஒன்றை ஏழாக அழுத்தி
மறுபடி முதலிலிருந்து அழுத்துவேன்.
ஏறியதுதான் தாமதம்,
அடுத்த சுவருக்குப் பின்னால்
உறுமத் தொடங்கிவிடும் அது.

உள்ளே ஒரு பாட்டில் தண்ணீர்,
பாதி எலுமிச்சை.
கதவு ரப்பர் கிழிந்து
குளிரெல்லாம் வாசல்வரை நடந்து வரும்.
யூனிட்டைத் தின்கிறது என்றேன்.
அக்கா கிட்வேயிலிருந்து அனுப்பியது என்றான் லிகாண்டோ.
அக்கா என்றதும்
நான் வாயை மூடிக்கொண்டேன்.

கரிமூட்டை மே மாதம் ஒரு விலை,
ஜூனில் வேறு விலை.
காராமணி வேகிற அளவுக்குக் கரி வாங்கினால்
காராமணி வாங்கக் காசில்லை.
ஆகவே ஹாட்பிளேட்டில் பதினைந்து நிமிஷம் கொதிக்கவிட்டு
பானையைப் போர்வையில் சுற்றி
அட்டைப்பெட்டிக்குள் இறக்கிக் கட்டிவிடுவேன்.
மீதியைச் சூடே பார்த்துக்கொள்ளும்.
ஒரு சோறு எடுத்துப் பதம் பார்க்கிற வேலையெல்லாம்
இதில் கிடையாது.
மூடியைத் தொட்டால் போச்சு.

சிக்கல் போர்வையில்.
தடித்தது ஒன்றுதான்.

இரவெல்லாம் சோபா கடைக்குக் காவல் இருந்துவிட்டு
விடியலில் வருவான் மைன்ஸா.
ஆளில்லாத சோபாக்களுக்கு
அங்கே ஜெனரேட்டர் வைத்து விளக்கு.
ஜூன் குளிர் காதுமடலில் நிற்க
ஒன்றும் சொல்லாமல்
அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு படுப்பான்.
எட்டு மணிவரை
காராமணியும் அவனும் சேர்ந்து வேகும்.
சிலநாள் சிரிப்பு வரும்.
சிலநாள் வராது.

ஒரு வெள்ளிக்கிழமை
வந்த கரண்ட் துள்ளி வந்ததில்
ஃப்ரிட்ஜ் செத்தது.
எனக்குள் சின்னதாய் ஒரு பண்டிகை,
முகத்தில் காட்டவில்லை.
மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டு
லிகாண்டோ அதன்மேல் கைவைத்தபடி நின்றான்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

அப்போதுதான் தோன்றியது.
யாருக்கு முதலில் என்று
இன்றும் எங்களுக்குள் தகராறு:
குளிரை வெளியே விடாத சுவர்
சூட்டை மட்டும் விட்டுவிடுமா என்ன?

சைக்கிள் டியூப்பை வாராக அறுத்து
கதவோரம் ஒட்டினான்.
தட்டுகளைக் கழற்றினோம்.
முதல் இரவே மூன்று பானை.
திறக்காதே, திறக்காதே என்று
ஆளுக்கு ஆள் காவல்.

காலையில் திறந்தபோது
லிகாண்டோவின் மூக்குக்கண்ணாடியை ஆவி மூடியது.
விரலில் நசுங்கியது காராமணி.
முசொண்டாவின் மாட்டுக்குளம்பு மட்டும்
கல்லாகவே இருந்தது.
அவள் இன்னும் எங்களை நம்பவில்லை.

மைன்ஸாவுக்குப் போர்வை திரும்பியது.
இரண்டு துவைப்புக்குப் பிறகும்
அதில் காராமணி வாசனை.
தலைவரை இழுத்துப் போர்த்தியவன்
தூக்கத்தில் கையை நீட்டித் துழாவினான்.
பெட்டி எங்கே என்றான்.