ரெண்டுக்குத்தான் வைக்கோல்

படப்பை மூன்று தரம் சுற்றிவந்து பார்த்துவிட்டேன்.
சுற்றினால் வளராது வைக்கோல்.
இரண்டுக்குத்தான் இருக்கிறது.

விடிந்தால் சோணைமுத்து வந்துவிடுவார்,
தோளில் துண்டு, துண்டுக்குள் பேசும் விரல்,
செக்கானூரணி ரோட்டில் நிறுத்திய மினிலாரி.
ஐந்து கிடேரியில் எந்த இரண்டு நிற்கும் என்று
அதற்குள் நான் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்காரர் ராத்திரியே சொல்லிவிட்டார்:
காரி.
காரிக்கு அண்ணன் போன தையில் பிடிபடாமல் போனவன்.
ஒரு அண்டாவும் இரும்புக் கட்டிலும்
சாட்சிக்கு வீட்டில் கிடக்கின்றன.
அந்த ரத்தம் வெளியே போகக்கூடாதாம்.
சரி,
வாடியில் நிற்கப்போவது மாடு.
மடிக்கடியில் குந்தப்போவது யார்?
இவள் ஆத்தாளிடம் உதைபட்ட என் முழங்கால்
மழை வருவதை
டிவிக்காரனுக்கு முன்னால் சொல்கிறது.

செவலை அழகி.
ஏறிய திமில், விரிந்த கொம்பு, கோபுரச்சுழி வேறு.
போகிறவர் வருகிறவரெல்லாம் விலை கேட்கிறார்கள்.
அதனாலேயே அவள் போகட்டும்.
அழகுக்குக் காசு கொடுக்க ஆளிருக்கும்போது
வாங்கிக்கொள்வதுதான் அதற்கு மரியாதை.

மயிலை, அக்காளும் தங்கச்சியும்.
அக்காளுக்கு மூன்று வயசாகிறது, இன்னும் ஒருதரம் கத்தவில்லை.
கைவிட்டுப் பார்த்த டாக்டரம்மா
உறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்,
பொறுத்துப் பாருங்களேன்.
பொறுக்க எனக்குத் தெரியும்.
படப்புக்குத் தெரியாது.
தங்கச்சி நிற்கட்டும்.
வடிவேல்கரைக் கண்மாய் வெடித்துக் கிடந்த கோடையில்
கருவேல நெற்றைத் தின்றுகொண்டு
இவர்களின் தாய் இரண்டரை லிட்டர் இறக்கினாள்,
சின்னவளுக்கு அதே அகன்ற இடுப்பு,
அதே கிடைத்ததைத் தின்கிற வாய்.

பிறகு இந்த மறை.
முதுகில் பாடைச்சுழி.
வைத்திருக்கிற வீட்டில் பாடை கட்டும் என்பார்கள்.
இது பிறந்த வருஷம் மாமனார் போனார், உண்மைதான்,
அவருக்கு எண்பத்து நாலு.
இதன் தாய் ஆறு ஈத்து ஈன்றவள்.
ஒவ்வொரு தரமும் தனியே நாகமலைப் பாறைக்குப் பின்னால் போய்
கன்றைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள்.
ஒரு கை படவில்லை.
போன மாசம் விலை பேசியபோது
துண்டுக்குள் சோணைமுத்து இதற்கு மடக்கிய விரல்
அடிமாட்டு விரல்.
சுழிக்குப் பயந்து விற்கலாம்,
அந்த விலைக்கா?

நாலு வருஷம் முந்தி ஒரு புல்லையைத் தள்ளினேன்.
பின்பக்கம் ஒடுங்கல் என்று.
போன ஆவணியில் கொக்குளம் விலக்கில் பஸ் நின்றபோது
யாரோ ஒருத்தர் வாசலில் நிற்கிறாள்,
காதில் நான் போட்ட வெட்டு,
நாலு காம்பும் தெறிக்கிற மடி,
காலடியில் முட்டி முட்டிக் குடிக்கிற கன்று.
பஸ் நகர்ந்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.
பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்,
தெரிஞ்சவங்களா?
ஆமாம் என்றேன்.

எதைக் கணக்குப் போட்டாலும்
விடை ஈனுகிற அன்றுதான் தெரியும்.
அதற்குள் மற்ற மூன்றும்
எந்த ஊர்த் தண்ணீர் குடிக்குமோ.

மறையையும் சின்ன மயிலையையும்
உள்முளையில் கட்டினேன்.
வீட்டுக்காரர் சுழியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு வெளியே போனார்.

செவலை ஏறினாள், படிக்கட்டு ஏறுகிறவள் மாதிரி.
பெரிய மயிலையைத் தள்ளி ஏற்றினார்கள்.
காரி ஒரு உதறு உதறினாள்,
கதவுப் பலகை ஆடியது, புழுதி,
அவ்வளவுதான்,
மலையைப் பார்க்க ஓடிவிட்டாள்.
அடுத்த வாரம் பார்த்துக்கலாம்க்கா என்றார் சோணைமுத்து.

கீழே கிடந்த கயிற்றை எடுத்துப் பார்த்தேன்.
அறுந்த கயிற்றுக்கு நுனி பிசிறும்.
இது பிசிறவில்லை.

அவர் லாரிக்கு அந்தப் பக்கம்
தலை நிமிராமல்
இரண்டு மாட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்,
எண்ணியதையே திரும்பவும்.