பெயர் வெட்டிய பாத்திரங்கள்

ஜிப்மரிலிருந்து அப்பாவைக் கூட்டிவந்த அன்று
சமையலறையில் எங்கள் பாத்திரம் ஆறு.
இன்று காலை எண்ணினேன்,
இருபத்தைந்து.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் போனவை
வலது கை, வலது கால், பேச்சில் முக்கால்.

உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர்.
வண்டிப்பாளையம் முழுக்க அது பரவி
நாலு வீட்டிலிருந்து உப்பே காணாத கஞ்சி வருகிறது.
அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு
என்னை முறைக்கிறார், ஏதோ நான் காய்ச்சியதுபோல.
பால்சுறா புட்டு கொண்டுவந்தாள் ஸ்டெல்லா.
"புள்ள பெத்தவளுக்குத்தான் குடுப்பாங்க.
அதனால என்ன, உடம்பு தேறுனா சரி."
புறா ரத்தம் தேய்க்கணும் என்று ஒருவர்,
கூடவே கூடாது என்று இருவர்,
கட்டில் தலைமாட்டிலேயே சண்டை.
அப்பா அதை சீரியல்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்தோறும் தேசிங்கு ஆட்டோவில்தான் போகிறோம்.
காசு நீட்டினால் "போற வழிதானே" என்கிறான்.
திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்டில் நிற்பவனுக்கு
கோரிமேடு எப்படிப் போற வழி?

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தேன்.
எது யாருடையது என்று பார்க்க
செல்போன் வெளிச்சத்தில் பெயர்களைப் படித்தேன்,
புள்ளி புள்ளியாய் வெட்டியவை.
ராசகுமாரி கொண்டுவந்த டிபன் பாக்ஸில் தனபாக்கியம்.
தனபாக்கியம் கொண்டுவந்த குண்டானில் ஸ்டெல்லா.
ஸ்டெல்லாவின் மூடியில்
யாரென்றே தெரியாத ஒரு கு. பட்டம்மாள், 12.6.88.
எந்தக் காய்ச்சலுக்கு எந்த வீடு போனதோ,
எந்தப் பிரசவத்துக்கு, எந்தச் சாவுக்கு,
திரும்பும்போது கைமாறிப்போயிருக்கிறது.

மும்தாஜ் அக்காவின் தூக்குவாளியை மட்டும்
மூன்று முறை திருப்பிப் பார்த்தேன்.
அ. வேதவல்லி.
அம்மா போய் ஒன்பது வருஷம்.

காலையில் கேட்டதும் அக்கா குனிந்துகொண்டாள்.
"தானே புயல் அடிச்ச மூணாம் நாளு.
கூரை போயி பள்ளிக்கூடத்துல கெடந்தோம்.
இதுலதான் கஞ்சி வந்துச்சு.
தரணும் தரணும்னு இருந்து
பொழங்கிப் பொழங்கி
எங்களோடதாவே ஆயிடுச்சும்மா."

அப்பா கை நீட்டி வாளியை வாங்கினார்.
இடது கட்டைவிரலால் எழுத்துகளைத் தடவினார்.
'வே'யில் கொஞ்சநேரம் நின்றார்.
பிறகு அதை
மும்தாஜ் அக்கா பக்கமே தள்ளிவிட்டார்.

ஞாயிறோடு என் லீவு முடிகிறது.
ஸ்ரீபெரும்புதூரில் என் லைனில் நிற்பவள்
ரெண்டு தடவை போன் பண்ணிவிட்டாள்.
போவதற்குள் பாத்திரங்களைத் திருப்ப வேண்டும்.
வெறுமனே திருப்பக் கூடாது.
எனக்கோ வெந்நீர் தவிர எதுவும் ஒழுங்காக வராது.
கொல்லையில் முருங்கை நிற்கிறது.

நெல்லிக்குப்பம் ஆலை எடைமேடையில்
முப்பத்தோரு வருஷம் கரும்பு நிறுத்த மனிதர்,
லாரிக்காரன் வாங்கித் தந்த டீயைக்கூடத் தொடாதவர்,
தரையில் விரித்த பேப்பரின் மேல்
ஒற்றைக் கையால் கீரை உருவுகிறார்.
பாதி காம்பு.
இருக்கட்டும்.
இந்தக் குவியலிலிருந்து ஒரு கொத்து அதற்கு,
அதிலிருந்து ரெண்டு இலை இதற்கு.
கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்,
மறுபடி ஒரு இலை.

பத்தொன்பது பாத்திரத்துக்கு
இருபது குவியல் வந்தது.
ஒண்ணு கூட இருக்குப்பா என்றேன்.
தலையாட்டி மறுத்தார்.
வாய் ஒருபக்கம் இழுத்தது.
"ஆ... ட்..."
தேசிங்கு பாத்திரமே கொண்டுவரவில்லை,
அவனை நான் கணக்கில் வைக்கவில்லை.

மணி மூன்று.
அந்த இருபதாவது
மற்றவற்றைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது.
என்னைப் பார்த்தார்.
மரத்தைப் பார்த்தார்.
நான் துரட்டியை எடுத்தேன்.