பிரதான உத்திரம்

களியக்காவிளையில் தமிழ்நாட்டு பஸ்ஸை விட்டிறங்கி
பூவாறு வழி போகும் கேரள பஸ்ஸைப் பிடித்தால்
ஒன்பதே முக்காலுக்கு விழிஞ்ஞம் துறைமுக ஆபீஸ்.
இருபத்தெட்டு வருஷமாகக்
கப்பல்களின் கைமாற்றம் எழுதுகிறேன்.
நீச்சல் தெரியாது.

மூன்றாம் ஏடு, நாற்பத்தோராம் பக்கம்.
முந்நூற்றுப் பத்து டன். ஒற்றை எஞ்சின்.
பெயர் மேரி கொச்சுத்ரேசியா:
கொல்லத்து அண்டியாபீஸ் முதலாளி கொச்சுவறீது
தன் அம்மையின் பெயரை வைத்திருந்தார்.
போகையில் மாலிக்கு ஓடும் வெங்காயமும்,
திரும்புகையில் மாசி.
அந்த வாடை மட்டும்
எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாமல்
எல்லா முதலாளிக்கும் சேர்ந்தே போனது.

அண்டியாபீஸ் பூட்டியதும் தூத்துக்குடி மோத்தா வாங்கினார்.
அம்மையின் மேல் பச்சை பெயிண்ட். அதன் மேல் 'ஸ்டெல்லா'.
ஏழு வருஷ உப்பில் தகடு தோல்தோலாக உரிந்தது.
மோத்தா போனார். மகன்கள் நாலு பேர்.
எங்கள் ஏட்டில் ஒரு கப்பல் என்பது பத்துப் பங்கு.
ஆளுக்கு இரண்டு போக
மிச்சம் இரண்டு.
அந்த இரண்டுக்காகப் பதினாலு மாதம்
நங்கூரத்தில் கிடந்து அடியெல்லாம் சிப்பி வளர்த்தது கப்பல்.
அதைப் பறிக்க முங்கிய கோட்டப்புறத்துப் பிள்ளைகள்தான்
அந்த வழக்கில் ஜெயித்தவர்கள்.

பிறகு பாங்க்.
பாங்க் பெயரை மாற்றவில்லை,
வீல்ஹவுஸ் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியது.

ஏலத்தில் எடுத்தவர் தேங்காய்ப்பட்டணம் மீரான்கண்ணு.
சிமெண்ட் ஏற்றினார், ஆடு ஏற்றினார்,
ஒருமுறை ஒரு தீவுக்கு
முழுக் கல்யாணப் பந்தலையும் நாற்காலியோடு ஏற்றினார்.

ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரே வாசகம்:
'கப்பலும், படகும், நங்கூரமும், சங்கிலியும்,
மற்றும் சேர்ந்தவை அனைத்தும்.'
எஞ்சின் டிரைவர் ஏசுவடியான்
என் மேஜைமேல் குனிந்து கேட்டார்:
"இந்த 'மற்றும்'ல நானும் உண்டா மேடம்?"
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பரிசோதனைக்கு ஒருமுறை நானும் இறங்கினேன்,
சரக்கறைக்குள், சேலையைச் சொருகிக்கொண்டு.
ஏசுவடியான் டார்ச் காட்டினார்.
பிரதான உத்திரத்தில், துருவுக்கும் கீழே, உளியால் வெட்டிய எண்:
நாலு, ஒன்று, ஏழு, ஆறு.
வெளியே எந்தப் பெயர் எழுதினாலும்
உள்ளே இதுதான்.
விரல் வைத்தேன். ஈரமாக இருந்தது.

கடைசியாக வாங்கியவர் அலைத்தடுப்புச் சுவரின் காண்ட்ராக்டர்.
பெயரே எழுதவில்லை, பெயிண்ட் வீண் என்றார்.
கல் சுமந்தது.
ஆனி மாதத்து ஒரு விடியலில்
கல்லைக் கொட்டவேண்டிய இடத்திலேயே
கல்லோடு உட்கார்ந்துவிட்டது.
எட்டுப் பேரும் நீந்திக் கரையேறினார்கள்.
காண்ட்ராக்டர் கப்பலையும் கனமீட்டரில் அளந்து
பில்லில் சேர்த்தார்.

பதிவு முடித்த காரணம்:
மூழ்கியது, உடைக்கப்பட்டது, அயல்நாட்டாருக்கு விற்கப்பட்டது.
சுவராகிப்போனதற்குக் கட்டம் இல்லை.
இன்னும் நிரப்பவில்லை.

ஏசுவடியான் போன வாரம் வந்தார்.
க்ஷேமநிதிக்கு, இத்தனை வருஷம்
யாரிடம் வேலை செய்தார் என்று ஒரு கடிதம் வேண்டுமாம்.
நாலு இடத்துக்கு போன் செய்தேன்.
கொச்சுவறீதின் பேரன் கேட்டான்: "எந்தக் கப்பல்?"
மோத்தாவின் மகன்கள் ஒருவர் நம்பரை
இன்னொருவர் தந்தார்கள்.

முதலாளி பெயர் என்ற இடத்தில்
4176 என்று எழுதி முத்திரை வைத்தேன்.

திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
இன்று மறுபடி, பதிவுத் தபாலில்.