நாலாம் வகுப்பு ஆ பிரிவில் ஒரு தட்டு

சுற்றறிக்கை வந்திருந்தது.
'காலநிலை மாற்றமும் நம் உணவும்':
நாற்பது நிமிடம், செயல்பாட்டு முறையில்,
நான்கு மணிக்குள் குழுவில் புகைப்படம்.
கூடவே ஒரு படம்.
உடைந்த பனிப்பாளத்தின் மேல்
ஒற்றைக் கரடி.

காசிமேட்டில் எங்கள் வகுப்பறை.
முப்பத்தோரு பேர், இரண்டு மின்விசிறி,
ஒன்று சுற்றும்.
ஏலம் முடிந்த மீன்வாடை
ஜன்னல் வழியே வந்து
கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

"ஐஸ் உருகுது பாருங்க" என்றேன்.
"எங்கப்பா போட்லயும் உருகுச்சு மிஸ்" என்றான் தேசிங்கு.
"எட்டு நாள் கடல்ல இருந்தாங்க.
மேல வைக்க மீனே இல்ல.
அத்தினி ஐஸும் தண்ணியாத்தான் திரும்பி வந்துச்சு."

கரடியை நாலாக மடித்து
வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தேன்.

கரும்பலகையில் பெரிய வட்டம்.
சோறு, சாம்பார், தக்காளி, முட்டை,
ஓரத்தில் ஒரு வஞ்சிரத் துண்டு.
மீன் நன்றாக வரைய வரும் எனக்கு.
அந்தப் பெருமையில் முள்ளும் வைத்தேன்.
"வெயில் கூடினா, மழை தப்பினா
இதுல எதெல்லாம் போகும்?
வந்து அழிங்க."

முஃபீதா சோற்றில் பாதியை அழித்தாள்,
சரியாகக் கீழ்ப்பாதியை.
"புயலன்னிக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு.
மூட்டையில மேல இருந்த அரிசியத்தான் சாப்பிட்டோம்.
கீழ இருந்தது நாறிடுச்சு மிஸ்."
நான் எடுத்து வந்த விடை வேறு:
டெல்டா, நெற்பயிர், பருவம் தவறிய மழை.
அது பலகை வரை வரவேயில்லை.

லோகிதா தக்காளியைத் தொடமாட்டேன் என்றாள்.
அவள் அம்மாவுக்குத் தள்ளுவண்டி.
"வெலைதான் மிஸ் எழுதுவேன்."
20 என்று எழுதி அடித்தாள்.
60 என்று எழுதி அடித்தாள்.
120. தக்காளியை விடப் பெரிதாக.
"மழை பேஞ்சாலும் ஏறுது, பேயலன்னாலும் ஏறுது.
நூத்தியிருவதுக்கு யாரும் வாங்கல.
அந்த வாரம் பூரா எங்க வீட்ல தக்காளித் தொக்கு!"
வகுப்பு சிரித்தது. அவளும்தான்.

தேசிங்கு வஞ்சிரத்தை அழித்தான்,
முள்ளோடு சேர்த்து, ஒரே இழுப்பில்.
"கடல் சூடானதாலயா?" ஆசையாகக் கேட்டேன்.
"இல்ல மிஸ். இது எங்க தட்டுல எப்பவுமே இல்ல.
புடிக்கிறதுதான் நாங்க."
அந்த இடத்தில் சின்னதாக ஒன்று வரைந்தான்,
வாலை வைத்து மீன் என்று கண்டுகொள்ளலாம்.
கீழே பெயர் எழுதினான்: கவலை.
"இதுவும் முன்ன மாதிரி இல்லன்னு அம்மா சொல்லுது.
தண்ணி சுடுதாம், தள்ளிப் போயிடுச்சாம்."

"மீனுக்கு வேர்க்குமா மிஸ்?"
பின்னாலிருந்து யாரோ.
தெரியாது என்றேன்.
முதல்முறையாக
என்னை முழுசாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

முட்டையிடம் ஒருவரும் போகவில்லை.
"அது ஸ்கூல் குடுக்கிறது மிஸ்."
எந்த வெயிலும் அண்டாத ஒன்றைப் பற்றிப்
பேசுகிற குரல் அது.
கோடையில் கோழிப்பண்ணைகளில்
கோழிகள் சுருண்டு விழுவதைப் பற்றி
நேற்றிரவு ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன்.
கைப்பைக்குள்தான் இருந்தது.
மணி பன்னிரண்டே கால்.
வெளியே சத்துணவுக் குண்டான் இறங்கும் ஓசை.
நான் எடுக்கவில்லை.

மணியடித்ததும் தட்டுகளோடு ஓடினார்கள்.
பாதிச் சோறு, ஒரு விலை, ஒரு சின்ன மீன்,
முழுசாக ஒரு முட்டை:
படம் பிடித்தேன்.
"பச்சையா ஒரு மரமாவது
இருந்திருக்கலாம்" என்றார் தலைமையாசிரியர்.

குழுவில் இருபத்தெட்டு கட்டைவிரல்கள்.
ஒருவர் மட்டும் கேட்டிருந்தார்:
மீனுக்குக் கீழே என்ன அது, எழுத்துப்பிழையா?

பேர்தான் மேடம், என்று அனுப்பினேன்.
இந்தப் பக்கம் அதை
அப்படித்தான் கூப்பிடுவாங்க.