பத்து மில்லி

டோங்காட்டில் கரும்பு எரிக்கும் மாதம்.
கொடியில் காயும் சட்டையில்
கருஞ்சாம்பல் இறங்குகிறது,
என் நெஞ்சிலும்.

இரவு இரண்டு மணி.
சிரப் இருக்கிறது, அளவுக் கோப்பையைக் காணோம்.
'ஸ்பூன் போதாதா?' தயாளன், கண் திறக்காமல்.
நம் வீட்டு ஸ்பூன் ஐந்துக்கும் ஐந்து வயிறு.

கிடைத்தது
மகளின் பொம்மை அடுக்களையில், பாதி மணலோடு.
கழுவி, கைப்பேசி வெளிச்சத்தில்
கோட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப்
பத்து.
இருமல் நிற்காது, இளகும்;
மிச்ச வேலை தண்ணீருடையது.
ஒரு சொம்பு குடித்தேன்.

விடிந்ததும் அவள் இருமிக் காட்டினாள்.
பொம்மைக்கும் இருமலாம், சிவப்புத் தண்ணி வேணுமாம்.
புட்டியின் பொடி எழுத்து
ஆறு வயதுக்குக் கீழே ஆகாது என்கிறது.
அவளுக்கு நாலரை,
பொம்மைக்கு இன்னும் குறைவு.

எனக்கு ஆறாம் நாள்.
நாளையும் இருமினால் கிளினிக் வரிசை.

குழாயடியில் அவள்
வெறும் தண்ணீரைக்
கோடு வரை ஊற்றி,
கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறாள்.