பன்னிரண்டு வோல்ட்

பள்ளத்தூரில் அந்த வீடு
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது.
முகப்பில் பெல் அடித்தால்
பின்கட்டிலிருந்து வெள்ளைக்கண்ணு வந்து சேர்வதற்குள்
ஏணியை இறக்கி, பையைப் பிரித்து,
டிரில்லுக்கு பிட்டும் மாட்டிவிடுவேன்.

போன மாசம் எட்டு கேமரா போட்டது நான்தான்.
தேக்குத் தூணில் ஓட்டை கூடாதென்று
ஈப்போவிலிருந்து சிகப்பி மேடம்
வீடியோ காலில் பார்த்தபடியே இருந்தார்.
சுவரில் போட்டேன்.
கண்ணாடிபோல் வழுக்கிய சுண்ணாம்பு
உள்ளே ஆழம் காட்டவில்லை.
பன்னிரண்டு அங்குல பிட் முழுகியும்
அந்தப் பக்கம் வெளிச்சம் இல்லை.

இப்போது எட்டாவது கேமரா. கிணற்றடி.
பகலெல்லாம் துவைகல்லின் விரிசல்வரை காட்டும்.
பொழுது சாய்ந்தால் ‘வீடியோ லாஸ்’.
விடிந்ததும் தானே வந்து நிற்கும்
ஒன்றும் நடக்காததுபோல.

மேடம் முதலில் என்னைத் திட்டினார்.
பிறகு யோசித்திருக்கிறார்:
“தினம் ஆறே கால். மனுசக் கை படாம
மிஷின் இப்படி நேரம் பாக்குமா?”
அந்தக் கேள்வி வந்த ராத்திரியே
பதினாறு வருஷச் சாவிக்கொத்தை
இடுப்பிலிருந்து கழற்றி
டிவிஆர் பெட்டிமேல் வைத்துவிட்டார் வெள்ளைக்கண்ணு.
நான் போனபோதும் அங்கேதான் இருந்தது.

ஏழையும் எட்டையும் மாற்றி மாட்டினேன்.
கிணற்றடியில் எது இருந்ததோ அது கண்ணை மூடியது.
பிஎன்சியை வெட்டிப் புதுசு போட்டேன்.
ஜங்ஷன் பாக்ஸில் பல்லி முட்டை இரண்டு;
அவற்றின்மேல் பழி போட முடியாது.

ஆறு மணிக்கு மல்டிமீட்டரோடு ஏணியில் உட்கார்ந்தேன்.
அவர் கீழே, கேமராவுக்கு நேராக,
இரண்டு கையும் தெரிகிற மாதிரி நின்றார்.
யாரும் நிற்கச் சொல்லவில்லை.

பெட்டியில் பன்னிரண்டு கிளம்புகிறது.
இங்கே வரும்போது பதினொன்றே சொச்சம்.
காகங்கள் அடங்கின.
டிக்.
லென்ஸைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றும் விழிக்க
மீட்டரில் எண் சரிந்தது:
பத்து, ஒன்பதரை, ஒன்பது புள்ளி மூன்று.
கண் அணைந்தது.

இருட்டைப் பார்க்கத்தான் அதற்கு அதிகப் பசி.
சோறோ தொண்ணூறு மீட்டர் தள்ளி,
மெல்லிசு வயரில், வழியிலேயே சிந்திச் சிந்தி.

“வோல்டேஜ் டிராப் மேடம். வயர் பத்தலை.”
“யார் போட்ட வயர்?”
“நான்தான்.”
மீட்டருக்கு நாலு ரூபாய் மிச்சம் பிடித்திருந்தேன்.
“ஓ” என்றார்.
கொஞ்சம் விட்டு, “அவர்ட்ட சொல்லிருங்க.”
எதைச் சொல்வதென்று சொல்லாமல் வைத்துவிட்டார்.

மோட்டார் ரூமில் தனி அடாப்டர் கொடுத்தேன்.
கறுப்பு வெள்ளையில் எழுந்தது கிணற்றடி:
வாளி, கயிறு, கொடியில் துண்டு,
துண்டின் கரைகூட.

போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.
“ராத்திரி பூரா இப்படித் தெரியுமா தாயி?”
“தெரியும்ணே.”
“அங்கெயுமா?”
“அங்கயும்.”
அப்புறம் என்னிடம் இல்லை,
கிணற்றுக்குள் பார்த்துச் சொன்னார்:
“மோட்டார நிப்பாட்டிட்டு அந்தக் கல்லுகிட்டதான் குளிப்பேன்.
வேட்டி மாத்துறதும் அங்கனதான்.”

கேமரா செத்துக் கிடந்த நேரமெல்லாம்
அவர் நிம்மதியாகக் குளித்திருக்கிறார்.
அந்த நேரத்துக்காகத்தான் திருடனாகவும் ஆகியிருக்கிறார்.

மறுபடி ஏணி. ஸ்க்ரூவைத் தளர்த்தினேன்.
மதில் முழுசாக இருக்கிறது.
பின்வாசல் கதவு, தாழ்ப்பாளோடு, இருக்கிறது.
துவைகல் பாதி.
இன்னும் ஒரு விரற்கடை.
துவைகல் இல்லை.
இறுக்கினேன்.

பில்லில் அடாப்டர் ஒன்று, நானூற்றைம்பது.
டேப். கிளிப் பத்து.
சர்வீஸ் சார்ஜ் போடவில்லை.
திருப்பிய கோணத்துக்கு வரி எதுவும் எழுதவில்லை.

வண்டியை எடுக்கும்போது உள்ளே
சாவிக்கொத்து இடுப்பேறுகிற சத்தம்.
எட்டில் எதற்கும் மைக் கிடையாது.